முதற் செலவு: மீன்சுருட்டி வட்டாரத்து வேளாண் தொழிலில் நிலைபேற்றின் வரலாறு

சென்னையிலிருந்து கும்பகோணம் நோக்கிச் செல்லும் பெருவழியில், அணைக்கரைக்கு முன்னதாக, அரியலூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் அமைந்திருக்கும் மீன்சுருட்டி, பேருந்துப் பிரயாணிகளுக்கு இறங்கித் தேநீர் குடிக்கும் ஓர் ஊராகவே பெரும்பாலும் அறிமுகமாகியிருக்கிறது. ஆயினும் விவசாயத்தையும் அதைச் சார்ந்த வியாபாரத்தையும் சரித்திரக் கண்கொண்டு ஆராய விரும்புகிறவருக்கு இவ்வளவு பொருத்தமான நிலைக்களம் வேறு எளிதில் அகப்படாது. ஊருக்கு மேற்கே ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், ஆண்டிமடம் என்று செம்மண் மேடு விரிந்துகொண்டே போகிறது. அது முந்திரிக்கும் பலாவுக்கும் வேர்க்கடலைக்கும் உரிய பூமி. தெற்கிலும் கிழக்கிலும் கொள்ளிடத்து நீரை நம்பிய நெல்வயல்கள் தொடங்கிவிடுகின்றன. சில மைல் தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரமும், அதன் அருகே பொன்னேரி என்று இன்று வழங்கும் சோழகங்கமும், கிழக்கே காட்டுமன்னார்கோயிலைத் தாண்டாமலே வீராணம் ஏரியும் இருக்கின்றன. புன்செயும் நன்செயும், மேடும் பள்ளமும், ஆயிரம் ஆண்டுப் பழமையும் நேற்றுப் பதிவான உழவர் கம்பெனியும் ஒரே வட்டாரத்தில் கைகோத்து நிற்கின்றன.

உணவுத் தொழிலும் வேளாண் தொழிலும் 'நிலைபேறு' உடையனவாக இருக்க வேண்டும் என்ற பேச்சு உலக அரங்கில் உரத்து எழுந்தது 1987-ஆம் ஆண்டில்தான். நார்வே நாட்டின் பிரதம மந்திரியாயிருந்த ப்ருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஆணைக்குழு, வருங்காலச் சந்ததியாரின் தேவைக்குக் குந்தகம் நேராதபடி இன்றைய தேவையை நிறைவு செய்துகொள்வதே உண்மையான அபிவிருத்தி என்று அந்த ஆண்டு இலக்கணம் வகுத்தது. அதன்பின் பெரிய உணவுக் கம்பெனிகள் பலவும் தத்தம் ஆண்டறிக்கையில் நிலைபேற்றுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கலாயின. அந்த அத்தியாயங்களைப் படிக்கும்போது, இலாபம் வந்த பிறகு அதில் ஒரு துளியை எடுத்துப் பூமிக்குச் செய்யும் தர்மமாகவே அவை இவ்விஷயத்தைக் கருதுவது தெரிகிறது. நம்முடைய பழைய சாசனங்களோ இதை வேறுவிதமாகக் கண்டன. நிலத்துக்கும் நீருக்கும் திரும்பச் செலுத்த வேண்டியதை விளைச்சலின் முதற் செலவாக, பங்கு பிரிப்பதற்கு முன்னரே எடுத்து வைக்க வேண்டிய கடனாக அவை கணக்கெழுதின. அந்த முதற் செலவு எவ்வாறு களத்துமேட்டிலிருந்து கஜானாவுக்குப் போயிற்று, கஜானாவிலிருந்து எவ்வாறு காணாமற் போயிற்று என்பதே இக்கட்டுரை தொடர்ந்து பார்க்க முயலும் வரலாறு.

சோழர் காலத்துக் கோயிற் சாசனங்களில் பன்முறை வரும் ஒரு தொடர் 'சாவா மூவாப் பேராடு' என்பது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகளை ஒருவர் தானமாகக் கொடுப்பார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கக் கடமைப்படுவார். ஆடு மூப்படையும், சாகும். ஆனால் ஈன்ற குட்டிகளைக் கொண்டு அந்த எண்ணிக்கையை இடையர் நிறைவு செய்துகொண்டே வர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆதலால் சாசனத்தின் பார்வையில் அந்த 96 ஆடுகளுக்கும் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. மந்தை பெருகினால் அந்தப் பெருக்கம் வளர்ப்பவருக்கு. மூலம் மட்டும் எக்காலத்தும் குறையலாகாது. பால் வியாபாரம் ஒன்றை, அதன் மூலதனமாகிய உயிர்களை உண்டுவிடாதபடி, தலைமுறை தலைமுறையாக நடத்துவதற்கு இதைவிடத் தெளிவான நிபந்தனையை இன்றைய சட்ட வல்லுநர் ஒருவர் எழுதித் தர இயலுமா என்பது எனக்குச் சந்தேகமே.

காசு தானமாக வந்தபோதும் இதே நியாயம்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களில், கோயிற் பணத்தை ஊர்ச் சபையார் பெற்றுக்கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாகச் செலுத்தி வந்த செய்தி விரிவாகக் காணப்படுகிறது. வட்டிக்கு அச்சாசனங்கள் வழங்கும் பெயர் 'பொலிசை'. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லைப் 'பொலி' என்கிறோம். மரக்கால் கொண்டு அளக்கத் தொடங்கும்போது 'பொலி, பொலி' என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருக்கிறோம். பணத்தின் பெருக்கமும் தானியத்தின் பெருக்கமும் ஒரே வேரிலிருந்து சொல் பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். பெருக்கத்தை அனுபவிக்கலாம், வித்தைத் தொடலாகாது என்ற உழவனின் அறிவே இங்குப் பொருளாதார விதியாக உயர்ந்திருக்கிறது.

இவ்விதி நீருக்கும் பொருந்தியது. முதற் பராந்தகனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கும் விதத்தை வரையறுக்கின்றன. ஏரியைப் பேணுவதற்கென்றே நிலம் விடப்பட்டது. அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர். இவற்றினும் என் மனத்தைக் கவர்வது 'பாசிப்பாட்டம்' என்ற ஏற்பாடு. ஏரியிலும் குளத்திலும் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு, அதனால் வரும் பணத்தைக் கொண்டு அந்த நீர்நிலையின் வண்டலை வாரிக் கரையை உயர்த்த வேண்டுமென்று இடைக்காலச் சாசனங்கள் சில விதிக்கின்றன. மீன் நீரிலிருந்து வந்தது. ஆதலால் மீனின் விலை நீருக்கே திரும்புகிறது. தன் பெயரிலேயே மீனைத் தாங்கியிருக்கும் ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது இந்த ஏற்பாடு நினைவுக்கு வராமல் போவதெப்படி? இன்றும் ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை ஏலம் நடைபெறுகிறது. ஏலப் பணம் பொது வருமானத்தில் சேர்கிறது. குறுகிய காலக் குத்தகையெடுத்தவர் தம் தவணை முடிவதற்குள் போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கிறார். கரை யாருடைய கணக்கிலும் இல்லை.

பொன்னேரியின் கதை இப்பின்னணியில்தான் விளங்கும். கங்கைக் கரைவரை தன் சேனையைச் செலுத்திய முதலாம் இராஜேந்திரன், அந்த வெற்றிக்கு அடையாளமாகக் கல்லில் தூண் நாட்டாமல், நீரிலேயே ஒரு ஜயஸ்தம்பம் எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. அந்த ஏரிக்குச் சுமார் 16 மைல் நீளமுள்ள கரை இருந்ததாகவும், கொள்ளிடத்திலிருந்து நெடுந்தூரம் வெட்டிய கால்வாய் ஒன்றும் வெள்ளாற்றிலிருந்து வந்த கால்வாய் ஒன்றும் அதற்கு நீர் கொணர்ந்ததாகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டு காலம் சோழப் பேரரசின் தலைநகராயிருந்த பட்டணத்துக்கு இவ்வேரி சோறும் தண்ணீரும் தந்தது. பேரரசு ஒழிந்தபின் கால்வாய்கள் தூர்ந்தன. ஏரியின் வயிற்றில் காடு மண்டியது. கரையின் ஒரு பகுதி மட்டும் ஏரியாக எஞ்சியது. கோயில் நிலைத்திருக்க, ஏரி நிலையாமற் போனதற்குக் காரணம் கல்லின் வலிமையும் மண்ணின் மென்மையும் மாத்திரம் என்று சொல்லிவிடலாகாது. கோயிலுக்கு அன்றாடம் விளக்கேற்ற யாரேனும் ஒருவர் வந்தார். ஏரிக்கு ஆண்டுதோறும் மண் வெட்டிப் போட வேண்டியவர்கள் கலைந்துபோனார்கள்.

அந்தக் கோயிலும் தப்பவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1836-ஆம் ஆண்டில், ஆர்தர் காட்டன் என்ற பொறியாளரின் முயற்சியால், முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டன. கீழணைக்குக் கல் தேவைப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வெளி மதிற்சுவரை இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். ஊரார் தடுத்தும் பயனில்லை. பதிலுக்குச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகக் கொடுத்த வாக்கும் நிறைவேறவில்லை. அக்கீழணையிலிருந்து புறப்படும் வடவாறு, முதற் பராந்தகன் வெட்டிய வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணத்து நீர் 2004-ஆம் ஆண்டு முதல் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. பராந்தகனின் மகன் வழியில் வந்த இராஜேந்திரனுடைய கோயிற் கல், மூதாதையின் ஏரிக்கு நீர் தேக்குகிறது. இராஜேந்திரன் வெட்டிய ஏரியோ சுருங்கிக் கிடக்கிறது. காட்டனின் அணை நற்பயன் தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் நீர் முறையை, அந்த வட்டாரத்தாரைக் கலக்காமல், தலைமைச் செயலகத்திலிருந்து நிர்வகிக்கும் வழக்கம் அந்த ஆண்டுகளில்தான் வேரூன்றிற்று.

இதனோடு இணையாக மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்பவர் செங்கற்பட்டு ஜாகீரில் சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்து எடுத்த கணக்குகளை, வரலாற்று ஆய்வாளர் தரம்பால் அவர்கள் நம் காலத்தில் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிக்கொணர்ந்தார். களத்தில் நெல் குவிந்தவுடன், அரசுக்கும் குடிக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பாகவே, ஏரிக்கும் கோயிலுக்கும் தச்சர், கொல்லர், வெட்டியார், வைத்தியர், கணக்கர் முதலானோருக்கும் மரக்கால் மரக்காலாக ஒதுக்கி வைத்த 'மேரை'கள் அக்கணக்குகளில் நுணுக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. இது செங்கற்பட்டின் சான்று. எனினும் களத்து மேரை தமிழ் நாடெங்கும் வழங்கிய முறை. விளைச்சல் குறைந்த வருஷம் ஏரியின் பங்கும் குறையும். நிறைந்த வருஷம் தானே நிறையும். ஏரி, விளைச்சலில் பங்காளி.

தானியப் பங்கை ஒழித்துப் பணமாக நிலவரி வசூலித்த ரயத்துவாரி முறை, இந்தப் பங்காளியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. உடையார்பாளையம் வட்டத்தில் ஒரு பகுதி ஜமீன் ஆதீனத்தில் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும் வரை இருந்தது உண்மையே. ஆயினும் பொதுப் போக்கு ஒன்றுதான். ஊரார் தாங்களே முன்வந்து செய்த குடிமராமத்து அருகிப் போகவே, அதைக் கட்டாயத்தால் மீட்கலாம் என்று கருதிச் சென்னை மாகாணத்துக்கென 1858-ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பங்கைப் பறித்துக்கொண்டு பணியை மட்டும் கேட்டால் யார் செய்வார்? சட்டம் புத்தகத்தில் இருந்தது. வாய்க்காலில் மண் இருந்தது. 2017-ஆம் ஆண்டு குடிமராமத்து என்ற அதே பெயரில் தமிழக அரசு திட்டம் தொடங்கிப் பல ஏரிகளைத் தூர்வாரியது. பணி நடந்தது, பங்கு திரும்பவில்லை. அரசு நிதி ஒதுக்கும் ஆண்டில் தூர்வாருவதும், ஒதுக்காத ஆண்டில் வேடிக்கை பார்ப்பதும் குடிகளின் மராமத்து ஆகாது.

பழமையை இவ்வாறு போற்றும்போது ஒன்றை மறைத்தல் பாவம். களத்தில் மேரை பெற்றவர்களுள் கடைசி மரக்காலைப் பெற்றவர்கள், வயலில் முதலில் இறங்கியவர்கள். அவர்களுக்கு நிலமில்லை, சபையில் இடமில்லை. குடவோலையில் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. காவிரிக் கரையில் பண்ணையாளைப் பாதுகாக்க 1952-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் கொண்டுவர நேர்ந்ததென்றால், பூமியின் நிலைபேற்றைக் காத்த அம்முறை, உழைப்பவரின் வாழ்வை எந்நிலையில் வைத்திருந்தது என்பது விளங்கும். ஆகவே பழைய முறையை அப்படியே மீட்க வேண்டுமென்று வாதிப்பது என் நோக்கமன்று. அதிலிருந்த கணக்கு முறையை, அநீதியை நீக்கி எடுத்துக்கொள்ள இயலும் என்பதே என் துணிபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரு அறிஞர்களின் அறிக்கைகள் வெளிவந்தன; நம் பொருளுக்கு இரண்டும் இன்றியமையாதவை. ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணர் இந்தியாவெங்கும் சுற்றிப் பார்த்து 1893-இல் வெளியிட்ட நூலில், இந்திய உழவன் தொழிலறிவில் இங்கிலாந்து உழவனுக்குத் தாழ்ந்தவனல்லன் என்று துணிந்து எழுதினார். விறகு இல்லாமையால் சாணத்தை வறட்டியாக எரித்துவிடுவதே மண்ணுக்கு நேரும் பெரிய நஷ்டம் என்று கண்டு, ஊர்தோறும் விறகுத் தோப்பு வளர்க்கச் சொன்னார். பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனி தேசத்தில் ரெய்பெய்சன் என்பவர் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து வந்து, 1895 முதல் 1897 வரை சென்னை அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையின் முடிவில், நமக்கும் ஒரு ரெய்பெய்சன் வேண்டும் என்ற கருத்தை வற்புறுத்தினார். அதன் பயனாக 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது; அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம், நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு எடுத்து வைத்த பின்னரே உறுப்பினருக்கு எதுவும் பகிர்ந்தளிக்கலாம் என்று விதித்தது. முதற் செலவு என்ற பழைய கருத்து, இங்கே புதிய வேஷத்தில் திரும்பி வந்திருப்பதைக் காண்கிறோம். ஆனால் அந்த நாலில் ஒன்று பணத்தின் பாதுகாப்புக்கு; மண்ணுக்கும் நீருக்கும் அதில் ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. வோல்க்கர் சொன்னதும் நிக்கல்சன் சொன்னதும் ஒரே ஏட்டில் சேர்ந்திருந்தால் நம் கூட்டுறவு இயக்கத்தின் போக்கே வேறாயிருக்கும்.

பசுமைப் புரட்சியைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை; அது பலரும் அறிந்த கதை. 1960-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லும், அதையடுத்து ஐ.ஆர்.8-உம் வந்தன. பட்டினியைத் துரத்திய அந்தப் பணியை இழித்துப் பேசுவது நன்றி மறந்த செயலாகும். ஆனால் உழவன் அதுகாறும் தன் வீட்டிலிருந்து எடுத்த விதையையும் தொழுவிலிருந்து எடுத்த எருவையும் கடையில் வாங்கத் தொடங்கியபோது, அவனுடைய ஆண்டுக் கணக்கில் மண்ணுக்குத் திரும்புவது என்ற வரி மறைந்து, கடைக்குக் கொடுப்பது என்ற வரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1969-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையைத் துறந்து வெளியே வந்த கோ. நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் உயிர் துறக்கும்வரை ஊர் ஊராகச் சென்று சொன்னது சாராம்சத்தில் இதுவே. அவர் வழியில் வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, மறைந்துபோக இருந்த பாரம்பரிய நெல் ரகங்களை 170-க்கும் மேலாகத் திரட்டினார். அவ்விழாவில் விதை வாங்கியவர் மறு ஆண்டு இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. சாவா மூவாப் பேராடு இங்கே நெல்லாக நடமாடுவதைப் பார்க்கிறேன்.

மீன்சுருட்டிக்கு மேற்கேயுள்ள செம்மண் பூமியில் கதை வேறு. போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொணர்ந்த முந்திரி, மழையை மட்டும் நம்பி வளர்வதாலும், ஒரு முறை வேர் பிடித்தால் பல்லாண்டு பயன் தருவதாலும், பண்ருட்டி தொடங்கி ஜெயங்கொண்டம் வரை தோப்பு தோப்பாகப் பரவிற்று. பங்குனி, சித்திரை மாதங்களில் தோப்புக்குள் நுழைந்தால் புளித்த பழத்தின் வாடை எதிர்கொண்டு அழைக்கிறது. உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்கி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டையைத் திருகி எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, பழத்தை அங்கேயே எறிந்துவிடுகிறார்கள். மரத்தடியெங்கும் மஞ்சளும் சிவப்புமாகக் குவியல் குவியலாகப் பழம் அழுகிக் கிடக்கிறது. கொட்டையை வெயிலில் காயவைத்து, சுட்டோ வேகவைத்தோ, பெண்கள் ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள். ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டும் எண்ணெயைப் பூசிக்கொண்டும் வேலை செய்தபோதிலும், நாளெல்லாம் கொட்டை உடைத்த பெண்ணின் விரல் நுனியில் கறுத்து உரிந்த தோலை நான் பார்த்திருக்கிறேன். அந்த விரலை உணவு வியாபாரத்தின் எந்த ஆண்டறிக்கையிலும் காண முடியாது.

வெள்ளைப் பருப்பாகக் கடைக்குப் போவது மரம் தந்ததில் ஒரு சிறு பாகமே. ஓட்டெண்ணெய்க்குச் சாயத் தொழிலிலும் வாகனங்களின் தடைப் பட்டை செய்யும் தொழிலிலும் தேவை இருக்கிறது. எனவே அது விலை போகிறது. பழத்துக்கோ நம் நாட்டில் கோவாவைத் தவிர வேறெங்கும் பெரிதாக மதிப்பில்லை. பழத்தைப் பானமாகவும், கழிவை எருவாகவும் மாற்றிக்கொள்ளும் தோப்பு, அதே நிலத்திலிருந்து அதே மழையைக் கொண்டு மேலும் ஒரு வருமானம் பெறும். தோப்பில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கும் வியாபாரம் என்று நாம் எண்ணியிருந்தோம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், ஒரே காலையில் தாத்தன் நட்ட முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டது. மீண்டும் நட்டு, ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அக்காலத்தில் கொட்டை உடைக்கும் ஆலைகள் ஆப்பிரிக்கக் கொட்டையை நாடுகின்றன. உள்ளூர்த் தோப்புக்காரன் தனித்து விடப்படுகிறான். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ.3 போன்ற நல்ல ரகங்களைத் தந்திருக்கிறது. ஆனால் நட்டது காய்க்கும் வரை குடும்பம் எதைக் கொண்டு சாப்பிடும் என்ற கேள்விக்கு ஆராய்ச்சி நிலையம் பதில் சொல்ல முடியாது. அதற்கொரு சேமநிதி வேண்டும்.

நீண்ட காலப் பயிருக்கு இன்றியமையாத மற்றொன்று, நிலம் தன்னிடமே இருக்கும் என்ற நிச்சயம். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென 1990-களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீடு போதாதென்று வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. சுரங்கம் தோண்டப்படாமலே காலம் சென்று, கடைசியில் நிலத்தை உரியவரிடம் திருப்பித் தருவது என்ற முடிவுக்கு அரசு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல், தன் காலடி மண் தன்னதா இல்லையா என்று தெரியாத ஓர் உழவன், அதில் கிணறு வெட்டுவானா, வரப்பு உயர்த்துவானா, மரம் நடுவானா? சுரங்கம் வராமலே அந்த மண்ணுக்குக் கேடு வந்துவிட்டது.

உழவன் காத்திருக்கும் வழி ஒன்றைக் காணப் பெரம்பலூர்ப் பக்கம் சற்றுப் போய்வருவது நன்று. அங்கே சின்ன வெங்காயம் பயிரிடுவோர் அறுவடையானதும் விலை வீழ்ந்திருந்தால் உடனே விற்பதில்லை, பட்டறை போடுகிறார்கள். தரையிலிருந்து சற்று உயரத்தில் கல் வைத்து, அதன்மேல் குச்சிகளைப் பரப்பி, பக்கங்களிலும் காற்று நுழையும்படி தட்டி கட்டி, தாளோடு கூடிய வெங்காயத்தைக் குவித்து, மேலே ஓலை வேய்ந்துவிடுவார்கள். மின்சாரமில்லை, குளிர்சாதனமில்லை, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் காற்றே காவல். மாதக்கணக்கில் வெங்காயம் கெடாமலிருந்து, விதைக்கும் விலைக்கும் உதவுகிறது. இந்தப் பட்டறையை ஓர் எளிய உபாயம் என்று கடந்து போய்விடக்கூடாது. சந்தையின் அவசரத்துக்கு இரையாகாமல் காத்திருக்கும் சக்தியை உழவனுக்கு அது தருகிறது. காத்திருக்க முடிந்தவனுக்குத்தான் மண்ணைப் பற்றி யோசிக்கவும் முடியும்.

இன்றைய நிலைக்கு வருவோம். ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் யோசனைப்படி, 2002-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத் திருத்தம் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்ற புதிய உருவத்தைப் படைத்தது. உழவர் மட்டுமே பங்குதாரர். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. தமிழக அரசு 2017-18 முதல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தின்கீழ் நூறு உழவர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுத்து இயந்திரங்கள் வாங்கச் செய்தது. மத்திய அரசு 2020-இல் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கத் திட்டமிட்டது. 2007-இல் கோயம்புத்தூரில் தோன்றிய அங்ககச் சான்றளிப்புத் துறையும், 2023-ஆம் ஆண்டு வெளியான இயற்கை வேளாண்மைக் கொள்கையும் வேறொரு பக்கத்திலிருந்து வழி திறந்திருக்கின்றன. உற்பத்தியாளர் கம்பெனி ஆண்டுதோறும் பொதுச் சேமநிதி ஒதுக்கியே தீரவேண்டும் என்பது சட்டம். 1912-இல் கூட்டுறவுச் சங்கத்துக்கு விதித்ததை ஒத்த விதிதான். அதே குறையும் இதில் இருக்கிறது. உரம் மொத்தமாக வாங்கி உறுப்பினருக்குச் சில்லறையாக விற்று அதில் கிடைக்கும் வித்தியாசத்தையே பிரதான வருமானமாகக் கொண்ட கம்பெனி, எத்தனை சான்றிதழ் பெற்றாலும், கடையின் கிளையாகவே இருக்கும்.

அரசின் எல்லைக்கோடுகளும் இதில் உதவவில்லை. 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப் போவதாக முதலமைச்சர் அறிவித்தபோது அரியலூரின் பெயரும் சொல்லப்பட்டது. அதே மாதத்தில் நிறைவேறிய சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களின் சில வட்டாரங்களும் மட்டும் இடம் பெற்றன. அரியலூர் விடுபட்டது. ஆகவே இன்று காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வயல் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டது. அதை ஒட்டியிருக்கும் மீன்சுருட்டி வயல் உட்படாதது. இரண்டுக்கும் நீர் ஒரே கொள்ளிடத்துடையது. சுண்ணாம்புக்கல்லும் பழுப்பு நிலக்கரியும் மண்ணுக்கடியில் கிடக்கும் ஒரு மாவட்டம், வேளாண் மண்டலத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எனவே, சட்டம் தராத காவலைக் கணக்கேட்டில் தேட வேண்டியிருக்கிறது. ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, ஆண்டிமடம் வட்டாரங்களில் உற்பத்தியாளர் கம்பெனிகளை நடத்தும் இயக்குநர்களையும், அவற்றில் பங்கு வாங்கியிருக்கும் உழவர் பெருமக்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. முந்திரியிலும் நெல்லிலும் வேர்க்கடலையிலும் மூட்டைக்கு இவ்வளவு என்று, லாபம் காண்பதற்கு முன்பே, எடைபோடும் இடத்திலேயே ஒரு மேரையை எடுத்து, ஏரிக்கும் எருவுக்கும் விதைக்கும் கொட்டை உடைக்கும் கைகளுக்கும் என்று தனித் தலைப்பில் எழுதி வையுங்கள். அதற்கு உங்கள் சங்க விதிகளில் இடமுண்டு, இல்லையேல் தீர்மானம் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, பொன்னேரிக்கு வரும் வாய்க்காலைத் தூர்வாரிய செலவு எந்த வரியில் இருக்கிறதென்று எழுந்து நின்று கேளுங்கள்.